வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

எனக்கு நோய் இருந்ததோ இல்லையோ, நோய் வந்துவிட்டது என்கிற நினைப்பு ஒரு நாளும் இல்லாமல் இருந்ததில்லை. தலை வலித்தால் மூளையில் கட்டி. நாலு தும்மல் போட்டால் டி.பி. நெஞ்சுப் பக்கம் சுளுக்கிக்கொண்டதோ, அவ்வளவுதான், எனக்குப் பிறகு பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மனதுக்குள் ஆள் தேட ஆரம்பித்துவிடுவேன். அடுத்த வீட்டு டீச்சரம்மா படித்துவிட்டுத் தருகிற வாரப் பத்திரிகையில் டாக்டர் பதில்கள் என்று ஒரு பக்கம் வரும். யாரோ ஒரு வாசகர் தனக்கு இன்னின்ன தொந்தரவு என்று எழுதியிருப்பார். நான் படித்து முடிப்பதற்குள் அத்தனையும் எனக்கு வந்துவிடும். ஒரு தடவை ஆண்களுக்கு மட்டுமே வருகிற வியாதி ஒன்றுக்கு அரை நாள் பயந்து கிடந்தேன்.

"உனக்கு இன்னா வியாதின்னு எனக்குத் தெரியும். படிக்கிற வியாதி. அந்தப் பொஸ்தகத்தத் தூக்கி அடுப்புல போடு, சரியாப் பூடும்" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மற்ற வியாதிகளை எல்லாம் நான் மறந்துவிடுவேன். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்க முடியாது. அது சக்கரை வியாதி. என் அம்மா தென்னேரிப் பக்கத்து மனுஷி. நாற்று நடுகிற காலத்தில் காலில் ஒரு முள் குத்தியது. முள்ளை எடுத்தாயிற்று, புண் மட்டும் ஆறவேயில்லை. மஞ்சள் வைத்தோம், பச்சிலை வைத்தோம், கடைசியில் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதான் உடம்பு முழுக்கச் சக்கரை என்று சொன்னார்கள். காலை எடுத்தார்கள். காலை எடுத்த பிறகு அம்மா அதிக நாள் இருக்கவில்லை. அதற்கு முன்னால் யாராவது ஒரு சொட்டு எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அந்த ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் நான் முதல் ஆளாகப் போய் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா? அதுதான் இல்லை. டெஸ்ட் பண்ணினால்தானே தெரியும், தெரியாதவரைக்கும் கால் இருக்கும் என்று ஒரு கணக்கு என்னிடம் இருந்தது.

எண்பதுகளின் ஆரம்பம் அது. எங்கள் ஊர் உத்திரமேரூருக்கு நேர் கிழக்கே, பஸ் விட்டு இறங்கி வரப்பில் நடக்கிற தூரம். என் வீட்டுக்காரர் மண்வெட்டியால் கட்டைவிரலை வெட்டிக்கொண்டு உத்திரமேரூர் கடைத்தெருவில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் கட்டுப்போடப் போனார். கட்டுப்போட்டுக்கொண்டே குடும்பக் கதையை விசாரித்திருக்கிறார் அந்த டாக்டர். இவர் மாமியார் கால் போன கதையைச் சொல்ல, "அப்போ உங்க வீட்டம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துடணும். ஒண்ணும் பெரிய வேலையில்லை. வெள்ளிக்கிழமை லேப்காரர் காஞ்சிபுரத்துல இருந்து வருவார். மூத்திரம் பார்த்தாலே போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னார்.

"வர்ற வெள்ளி போலாம்" என்றார்.

"வர்ற வெள்ளி அஷ்டமி" என்றேன்.

அஷ்டமி நவமி பார்த்து ஒரு காரியமும் செய்கிறவள் இல்லை நான். ராகு காலத்தில் கோழியைப் பிடித்துக் கவிழ்த்திருக்கிறேன், எமகண்டத்தில் கடலை விதைத்திருக்கிறேன். அந்த வாரம் முதல் பஞ்சாங்கமும் கையுமாக ஆனேன். அஷ்டமிக்கு அடுத்த வெள்ளி அமாவாசை. பிறகு ஆடி பிறந்துவிட்டது. ஆடி வெள்ளியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் எந்தப் பொம்பளை மூத்திர பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவாள்? ஆடி போய் ஆவணி வந்தது. கடலை பிடுங்க ஆள் வந்துவிட்டார்கள். எதுவும் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை வந்து தொலைத்தபோது என் மாமியாரே கை கொடுத்தார்.

"வெள்ளிக்கெயம மேக்கால சூலமாச்சே, எப்பிடிப் போவ?" என்றார்.

சூலம் என்றால் அந்தந்தக் கிழமையில் அந்தந்தத் திக்கில் பயணம் ஆகாது. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே ஆகாது. எங்கள் ஊரிலிருந்து உத்திரமேரூர் மேற்கே. லேப்காரர் வருவதோ வெள்ளிக்கிழமை மட்டும். எனக்கு அப்படியே மாமியாரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் விடவில்லை. சூலத்துக்குத்தான் பரிகாரம் இருக்கிறதே, மேற்கே போகிறவர்கள் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் தோஷம் போயிற்று, என்ன பேஜாரு இது என்று கத்தினார். பஞ்சாங்கத்தில் எனக்கென்று தனியாக ஒரு நாள் அச்சடிக்கச் சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

இதற்கு நடுவில் நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவாரம்பூவைக் காய்ச்சிக் குடித்தேன். பாகற்காயைப் பச்சையாகத் தின்று வாந்தியெடுத்தேன். அடிக்கடி ஒன்றுக்குப் போனால் சக்கரை என்று படித்திருந்ததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். தண்ணீரைக் குறைத்ததும் தாகம் எடுத்தது. தாகம் எடுத்தால் சக்கரை என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தது. எறும்பு மொய்க்கிறதா பார் என்று யாரோ சொல்ல, தோட்டத்துப் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மொய்த்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் வந்து பார்த்தார், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். அங்கேயும் எறும்பு சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்போ செவலைக்கும் சக்கரையா? அதையும் இட்டுகினு போலாமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். நான் வரமாட்டேன், பாட்டிலில் பிடித்துத் தருகிறேன், நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். நேரில் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் முகம் மாறுவதைப் பார்க்க என்னால் ஆகாது. அவரும் விட்டது தொல்லை என்று ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில், பழைய டானிக் பாட்டில் ஒன்றைச் சாம்பல் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருந்ததில் பிடித்து, மூடி போட்டு, பின்கட்டு ஜன்னலில் வைத்தேன். வீட்டுக்காரர் குளித்து, நாஷ்டா முடித்து, வாயில் வெல்லம் போட்டுக்கொண்டு, பாட்டிலை மஞ்சள் பையில் வைத்துச் சைக்கிளில் மாட்டினார். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றவள், அவர் திரும்பி வருகிறவரை ஒரு வேலையும் செய்யவில்லை.

மத்தியானம் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார். அவர் கால் கழுவ எடுத்துக்கொண்ட நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. உன்ன அடுத்த வெள்ளி நேர்ல வரச் சொன்னாரு."

"ஒண்ணுமில்லன்னா இன்னாத்துக்கு நேர்ல?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவர் வாயிலிருந்து பிடுங்கினேன். லேப்காரர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் என்னுடையதைச் சொட்டுப்போட்டு, விளக்கில் காட்டிக் காய்ச்சியிருக்கிறார். சக்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்குமாம். கொஞ்சம் இருந்தால் பச்சையாகும், இன்னும் இருந்தால் மஞ்சள், ஆரஞ்சு. ரொம்ப இருந்தால் செங்கல் நிறம்.

"எனக்கு இன்னா கலரு?"

அவர் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தார். பூசாத செங்கல் சுவர் அது.

அந்த ஒரு வாரம் நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தேன். சமைக்கும்போது, துணி துவைக்கும்போது, எந்நேரமும் அம்மாவின் கால் கண்முன்னால் வந்து நின்றது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத காலைச் சொறியப்போய்க் கை வெறும் போர்வையில் பட்டு நிறுத்திக்கொள்வாள். நானும் அப்படித்தான் உட்காரப்போகிறேன், என் பிள்ளைகளும் என்னைப் போலப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறார்கள் என்று நினைத்து நினைத்து அழுதேன். அழுகிற வேகத்தில் என் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்து நாத்தனாரிடம், "நீ வெச்சுக்க, நான் இனிமே எங்க கட்டப்போறேன்" என்று கொடுத்துவிட்டேன். நல்ல காஞ்சிபுரம் புடவை, அரக்குக் கலர். அவளும் ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் திரும்ப வாங்குவதற்கு நான் பிறகு பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பார். "அயுவாதடி கண்ணு. அடுத்த வெள்ளி நானும் வர்றேன். எல்லாம் சரியாப் போவும்" என்பார். என் வீட்டுக்காரர் அவருக்குத் தலைச்சன் பிள்ளை. நான் அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து எனக்கும் மாமியாருக்கும் சண்டையில்லாத நாள் குறைவு, உப்புக்கும் சண்டை, உலக்கைக்கும் சண்டை. ஆனால் எனக்கு ஒன்று என்றால் அவருக்குத் தாங்காது.

மறு வெள்ளி மூன்று பேரும் பஸ் ஏறினோம். வாயில் வெல்லம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் என்னைத் தடுத்துவிட்டார், சக்கரைக்காரி வெல்லம் தின்னலாமா என்று. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் வீட்டுப் பின்பக்கம் கக்கூஸ். லேப்காரர் சின்ன பாட்டில் ஒன்றைக் கொடுத்து அங்கே அனுப்பினார். வெளியே வந்து மூடியைத் திருகப்போனேன். வாசலிலேயே நின்றிருந்த மாமியார் என் கையைப் பிடித்தார்.

"இரும்மே, மூடாத."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு வெல்லக்கட்டி.

"இன்னா அத்தே இது?"

"போன வாட்டி துளியூண்டுதான் போட்டு உட்டேன். பத்தல போலக்கீது. சூலம் முயுசாப் போவல. அதான் இப்பிடி இயுத்துகினு நிக்கிது. இந்த வாட்டி பெரிசாவே போட்டுடலாம்."

"போன வாட்டி எதுல போட்டீங்க?"

"பாட்டில்லதான். ஜன்னல்ல வெச்சிருந்தியே."

அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "மேக்கால போனது யாரு? நீ வூட்லதான இருந்த. உனக்குப் பதிலா பாட்டிலுதான போச்சு. போறதுக்குத்தான சூலம்? அது வாயத் தொறந்து வெல்லம் துன்னுமா? நாந்தான் மூடியத் தொறந்து உள்ள போட்டேன். எம்புள்ள அவன் வாய்க்கு மட்டும் போட்டுகினு கெளம்பறான், உனுக்கு யாரு பாக்கறது?"

"அத்தே, சக்கர கீதான்னு பாக்கறதுக்குத்தான அது போச்சு!"

"நான் இன்னா சக்கரையா போட்டேன்? வெல்லம்தான போட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சின்ன பாட்டிலை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன், டெஸ்டுக்கு வேண்டுமே என்று விட்டேன். "ஒரு வாரமா செத்துச் செத்துப் பொயச்சனே, அப்பவாவது சொல்லக் கூடாதா?" என்று அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "நீ கேட்டியா?" என்றார் அவர். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடிவந்தார், லேப்காரர் ஓடிவந்தார், ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டரும் நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். நான் அழுதுகொண்டே கதையைச் சொன்னேன். லேப்காரர் முதலில் அடக்கிப் பார்த்தார், பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெல்லம் போடாத பாட்டிலை உள்ளே எடுத்துப் போனார்கள். இந்தத் தடவை நான் பெஞ்சில் உட்காரவில்லை, நேராக விளக்குக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குழாயில் மருந்து கொதித்தது. நீலமாகவே கொதித்தது. இறக்கி, ஆறவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார், அப்போதும் நீலம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உயிர் திரும்பி வந்ததே என்று சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு அம்மாவை நினைத்துத்தான் அழுதேன். இவ்வளவுதானா, ஒரு விளக்கும் ஒரு சொட்டும்தானா, இதை அவளுக்கு ஒருத்தரும் செய்யவில்லையே என்று அழுதேன்.

டாக்டருக்கு நல்ல மனசு. என் அழுகையை மாற்றுவதற்காகவோ என்னவோ மாமியார் பக்கம் திரும்பினார். "வெல்லம் வைத்தியம் பண்ற அம்மா, நீங்களும் ஒரு தடவை கொடுங்களேன், பார்த்துடலாம்."

"எனக்கின்னாத்துக்கு? நான் கல்லாட்டம் கீறேன்" என்றார் மாமியார். ஆனாலும் இத்தனை ஆம்பிளைகள் தன்னைச் சூழ்ந்து நின்று சிரித்துப் பேசியதில் அவருக்கு உள்ளுக்குள் குஷி. பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டு வந்தார்.

அது கொதித்தபோது ஆரஞ்சு நிறமாயிற்று.

மறுபடியும் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். "கையில வெல்லத்த வெச்சுகினே போயிருக்காங்க பாருங்க" என்று சொல்லி, கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் சோப்புப் போட்டு அவர் இரண்டு கையையும் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டேன். முந்தானையை உதறிக் கட்டச் சொன்னேன். கூச்சமாக இருக்கிறது விடுடி என்று அவரும் சிரித்தார். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவைத்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்து, புது பாட்டிலில் வாங்கிக் கொடுத்தோம். புதுக் குழாய். லேப்காரர் காய்ச்சினார்.

மறுபடி அதே ஆரஞ்சு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் மாமியாரை உட்காரவைத்துத் தாகம் எடுக்குமா, அசதியாக இருக்குமா என்று கேட்கக் கேட்க அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னார். எந்நேரமும் பக்கத்தில் சொம்புத் தண்ணீர் வைத்திருப்பார், வெயில் ஜாஸ்தி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கையில் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். "இப்பவே தெரிஞ்சது ரொம்ப நல்லதும்மா. மாத்திரை சாப்பிடுங்க, வாயைக் கட்டுங்க, காலில் அடி படாமப் பார்த்துக்குங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். கால் என்று அவர் சொன்னதும் மாமியார் தன் பாதத்தை மெல்லப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். நானும் மாமியாரும் ஒரே சீட்டில். பாதி வழி போன பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்கம்மா மாரி என் காலயும் எட்துருவாங்களாடி?"

அந்த ஒரு வாரமும் நான் யாரிடமும் கேட்கப் பயந்த கேள்வி அதுதான். அதை அவர் என்னிடம் கேட்டார், என்னைப் போல ஒரு தொடைநடுங்கியிடம். எனக்குத் துளிகூட நடுக்கம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"எவன் எடுப்பான்? நான் இன்னாத்துக்குக் கீறேன்? கைய வெட்டிப்புடுவேன்" என்றேன்.

"நீ சொன்னாச் சரி" என்று சொல்லி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அடுத்த வாரமே அந்த நீல மருந்தும், குழாயும், ஸ்பிரிட் விளக்கும் வாங்கிவந்து வீட்டில் வைத்தேன். லேப்காரர் சொல்லிக்கொடுத்தார். காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் பின்கட்டில் விளக்கேற்றி மாமியாருக்கு டெஸ்ட். "இன்னா கலரு?" என்று கயிற்றுக் கட்டிலிலிருந்து சத்தம் வரும். பச்சை என்றால் அன்றைக்கு அரை இட்லி கூடக் கிடைக்கும், ஆரஞ்சு என்றால் எனக்கும் அவருக்கும் பொழுதுக்கும் சண்டை. இனிப்பை ஒளித்து வைத்துத் தின்பார், நான் தேடிப் பிடித்துத் திட்டுவேன். ஊரில் என்னை ராட்சசி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். செருப்பில்லாமல் வாசலைத் தாண்டினால் பிள்ளைகளை விட்டுத் துரத்திப் பிடிக்கச் சொல்வேன். வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை எனக்கும் டெஸ்ட். அன்றைக்கு மட்டும் பழையபடி பயம் வரும். பயந்துகொண்டே பஸ் ஏறிவிடுவேன், பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூறுகளில் என் மகள் கல்யாணம். உத்திரமேரூரில் மண்டபம். பந்திக்குப் பந்தி மாமியார் நின்று, யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு, சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் ஓயாமல் அலைந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"காலைல இருந்து நின்னுகினே கீறீங்க, ஒரு எடத்துல உக்காருங்க அத்தே!" என்று சபையிலேயே கத்திவிட்டேன்.

"இன்னாத்துக்கு உக்காரணும்? ரெண்டு காலும் கீதுல்ல, நடக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போனார்.